சோனி 7506: ஸ்டூடியோ ஹெட்போன் என்ற பெயர் அதற்குத் தகுமா?

சேரன்மகாதேவிக்குத் தெற்கே ஒரு கிராமம். சுடலைமாடன் கோவில் கொடை. வில்லுப்பாட்டுக்கு வில்லு வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நடுராத்திரிப் பூசையான சாமக் கொடைக்கு இன்னும் நேரம் கிடந்தது. புலவர் காப்பும் குருவடியும் பாடி முடித்து, நாட்டு வளத்தைத் தாண்டிக் கதைக்குள் நுழைந்திருந்தார். பந்தல் காலை ஒட்டி ரிக்கார்டரோடு உட்கார்ந்திருந்தேன். அவர் மூச்சு வாங்க நிறுத்திய ஒரு இடத்தில், பாட்டுக்கு அடியில் 'ர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். வெறுங்காதுக்குக் கேட்கவில்லை, ஹெட்போனில் மட்டும் கேட்டது. எழுந்துபோய்ப் பார்த்தால், குடத்துக்கு வைத்த மைக்கின் கேபிள் சீரியல் லைட் வயரோடு பின்னிக்கொண்டு இரண்டு பந்தல் கால் தூரம் ஓடியிருக்கிறது. பிரித்தெடுத்து மறுபக்கமாகப் போட்டேன். இரைச்சல் நின்றுவிட்டது.

அதற்குச் சில வருஷம் முன்னால் இதே மாதிரி ஒரு இரைச்சலை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அன்று காதில் இருந்தது வேறு ஒரு ஹெட்போன், 'தும் தும்' என்று பேஸ், அதாவது அடிச்சத்தம், கொட்டுவது. வீட்டுக்கு வந்து ஸ்பீக்கரில் போட்டபோதுதான் தெரிந்தது, மூன்று மணி நேரப் பதிவு முழுக்க அந்த உறுமல் ஓடியிருக்கிறது என்று. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை ஆடுகிறது. அதன் உறுமல் 50, 100, 150 என்று மடங்கு மடங்காக மேலே ஏறும். சீரியல் லைட்டை மினுக்குகிற பெட்டி மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுவதால், அந்த மடங்குகள் ஆயிரக்கணக்கில் போய் ரம்பப் பல் மாதிரி நிற்கும். அடியில் இருக்கும் 50-ஐக் குடத்தின் முழக்கம் மூடிவிடும். காட்டிக்கொடுப்பது மேலே நிற்கும் பற்கள்தான். அவற்றைக் காதுக்குக் கொண்டுவராத ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பதிவுக்கு உட்காருவது, கண்ணை மூடிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவது போல.

கொடையில் என் காதில் இருந்தது சோனி எம்டிஆர்-7506. கல்யாண வீடியோ எடுப்பவர்கள், யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள், குறும்பட ஆசையில் திரியும் கல்லூரிப் பிள்ளைகள் என்று எங்கள் பக்கம் யார் ஹெட்போன் பற்றிக் கேட்க வந்தாலும், எங்கேயோ கேள்விப்பட்டு இந்த எண்ணைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். "ஸ்டூடியோல எல்லாரும் இததான வச்சிருக்காவ, அப்ப பாட்டு பிரமாதமா இருக்கும்லா?" என்று கேட்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருப்பது உண்மை, அந்தப் பெயர் இதற்குத் தகும். பாட்டு பிரமாதமாக இருக்கும் என்பது மட்டும் அதிலிருந்து வராத முடிவு. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இது புதுச் சரக்கு இல்லை. 1985-இல் சோனி எம்டிஆர்-வி6 என்று ஒன்றை விட்டது. சிடி வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்த காலம். நாடாவின் உஸ்ஸென்ற சத்தம் மறைந்தபோது, அதுவரை அதற்குள் ஒளிந்திருந்த குறைகளெல்லாம் வெளியே வந்தன. அவற்றைக் கேட்டுப் பிடிக்க ஒரு கருவி தேவைப்பட்டது. அந்த வி6-இன் வழியில் 1991-இல் வந்தது 7506. அந்த வருஷம் இங்கே நிலவரம் என்ன? கேசட் ராஜ்ஜியம். வில்லுப்பாட்டு என்றால் கொடையில் நேரில் கேட்க வேண்டும், இல்லையென்றால் கேசட்டில், அதுவும் இல்லையென்றால் 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையத்தின் ஒலிபரப்பில். அதற்குப் பிறகு கேசட் போனது, சிடி போனது, பென்டிரைவும் போய்க்கொண்டிருக்கிறது. 7506 அதே உருவத்தில், அதே நீலப் பட்டையோடு, அதே சுருள் கேபிளோடு இன்னும் கடையில் இருக்கிறது. இதன் புகழில் பெரும்பங்கு இந்த மாறாமைக்குத்தான் என்பது என் எண்ணம். முப்பது வருஷமாக ஒரே படிக்கல்லை வைத்து நிறுத்தால், அந்தக் கல்லில் இரண்டு கிராம் கூடக்குறைய இருந்தாலும் கடைக்காரருக்குக் கணக்குத் தெரியும். இதை மாட்டிப் பழகிய ஒலிப்பதிவாளருக்கும் அப்படித்தான். எங்கே கூட்டிச் சொல்கிறது, எங்கே குறைத்துச் சொல்கிறது என்று காது கற்றுவைத்திருக்கும். நடிகரின் பேச்சைப் படப்பிடிப்புத் தளத்தில் பதிவு செய்பவர்களும் வானொலிக்காரர்களும் அமெரிக்காவில் இதைக் கையில் எடுத்தார்கள். ஒருவர் விட்டுப்போன வேலையை இன்னொருவர் அதே ஹெட்போனில் தொடர முடிந்தது. எல்லாரும் வைத்திருப்பதால் எல்லாரும் வாங்கினார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பொதுவான படிக்கல் ஒன்று இருப்பதே தொழிலுக்கு லாபம்தானே.

இனி அந்தப் பெட்டியில் போட்டிருக்கும் எண்கள். ஒலியை எழுப்பும் சவ்வு 40 மில்லிமீட்டர், மின்தடை 63 ஓம், ஒரு மில்லிவாட் மின்சாரத்துக்கு 106 டெசிபல் சத்தம், சுருதி 10 முதல் 20,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை அதிர்வு) வரை. இதில் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் நிறையப் பேர் மயங்குகிறார்கள், அதுதான் ஒன்றுக்கும் உதவாதது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி வரை பஸ் போகும் என்று மட்டும் சொன்னால், வழியில் எத்தனை பள்ளம், எத்தனை வேகத்தடை என்று தெரியுமா? 10-லிருந்து 20,000 வரை எந்த இடத்தில் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் ஒரு ஹெட்போனின் குணம். அதை அந்த எண் சொல்லாது. 63 ஓமும் 106 டெசிபலும் பயனுள்ள எண்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சின்ன ரிக்கார்டரோ போனோ கொடுக்கும் கொஞ்ச மின்சாரத்திலேயே இது போதுமான சத்தம் தரும் என்று அர்த்தம். இன்னொரு புகழ்பெற்ற ஹெட்போனான சென்ஹைசர் எச்டி 600-க்கு 300 ஓம். அது பின்பக்கம் திறந்தது, 7506 மூடியது. அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்க அருமையானது. கொடைப் பந்தலுக்குள் அதை மாட்டினால் மேளத்தைத் தவிர வேறொன்றும் காதில் விழாது.

7506-இன் குணத்தைச் சொல்லும் முன் காதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் காதுத் துளை கிட்டத்தட்ட இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை அடைத்த குழாய். குழலூதுகிறவருக்குத் தெரியும், ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு சுரம் உண்டு. காதுக்குழாயின் சுரம் ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸில் விழுகிறது. வெளியிலிருந்து வருகிற எந்தச் சத்தத்தையும் அந்த இடத்தில் காதே தூக்கிக் கொடுக்கிறது. பிறந்ததிலிருந்து அதைக் கேட்டே பழகியிருக்கிறோம். காதைக் கிண்ணம் போட்டு மூடியதும் அந்த இயற்கை வழி கலைந்துபோகிறது. ஆகவே நல்ல ஹெட்போன் என்பது எல்லா இடத்திலும் ஒரே அளவாக ஒலிப்பது அல்ல. கலைத்ததைத் திரும்பச் சரிக்கட்டி, ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து கேட்ட மாதிரி ஆக்கித் தருவது. எந்த அளவுக்குச் சரிக்கட்டினால் ஜனங்களுக்குப் பிடிக்கிறது என்று 2010-களில் ஒலிக்கருவிகள் செய்கிற ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் கேட்பவர்களை உட்காரவைத்துச் சோதனை செய்து ஒரு வளைகோட்டைத் தந்தார்கள். 7506 அதற்கு இருபது வருஷம் முந்தியது. அந்தக் கோட்டோடு ஒப்பிட்டால் நடுப்பகுதியில், அதாவது குரல் உட்காரும் இடத்தில், பெரிய குற்றம் சொல்ல முடியாது. மேலே டிரெபிளில், அதாவது உச்சச் சத்தங்களில்தான், இது தலையைத் தூக்குகிறது. ச, ஸ போன்ற எழுத்துகளும் ஜால்ராவும் மணியும் இருக்க வேண்டியதைவிட ஒரு படி முன்னால் வந்து நிற்கும்.

இது வில்லுப்பாட்டில் எப்படித் தெரிகிறது என்று கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். வில்லின் நடுப்பகுதி குடத்தின் கழுத்தில் அமர்ந்திருக்கிறது. வில்லில் மணிகள் தொங்குகின்றன. புலவர் வீசுகோலால் நாணைத் தட்டும்போது முதலில் கோல் படுகிற 'டக்', உடனே மணிகள் உதறுகிற சலசலப்பு, பின்னால் நாணின் ரீங்காரம். குடக்காரர் குடத்தின் வாயை மட்டையால் அடிக்க, உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒரே மூச்சாக அசைந்து 'பூம்' என்று எழும்புகிறது. பக்கத்தில் உடுக்கை, ஜால்ரா, கட்டை. பந்தலில் உட்கார்ந்து கேட்டால் இதெல்லாம் ஒரு கட்டாக வந்து நெஞ்சில் மோதும். 7506-இல் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். மணிகளில் ஒன்று விரிசல் விட்டிருந்தால் அது தனியாகக் கேட்கும். பின்பாட்டுக்காரர் அரை மாத்திரை பிந்திச் சேர்ந்தது கேட்கும். யாரோ மைக் ஸ்டாண்டைக் காலால் இடித்தது கேட்கும். குற்றம் தேடுகிறவனுக்கு இது வரம். அதே காரணத்தால், புதிதாக இதில் எடிட் செய்பவர்கள் வழக்கமாகச் செய்கிற ஒரு தவறும் உண்டு. மணிச்சத்தம் காதைக் குத்துகிறதே என்று டிரெபிளை இறக்குவார்கள். ஹெட்போனில் இதமாகிவிடும். காரிலோ டிவியிலோ போட்டால் வில்லில் மணியே இல்லாத மாதிரி மந்தமாக இருக்கும். மணி அதிகமாக இருந்ததே இல்லை; ஹெட்போன் அதைக் கூட்டிச் சொன்னது, அவ்வளவுதான்.

அந்தப் புலவர் ஒருநாள் பாளையங்கோட்டையில் என் அறைக்கு வந்து தன் பதிவைக் கேட்டார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டவர் சட்டென்று கழற்றினார்.

"தம்பி, நான் மூச்சு வாங்குறதுகூட கேக்கு. அதை எடுத்துருய்யா, வயசான மாதிரி இருக்கு."

அதே துண்டை அவருடைய போனில் ஏற்றி, ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். மூச்சு பாட்டுக்குள் அடங்கியிருந்தது. அடுத்த அடிக்கு அவர் எடுத்து வைக்கிற வேகம்தான் கேட்டது. இரண்டாம் தடவையும் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதுல நல்லாத்தான் இருக்கு, கெடக்கட்டும்" என்றார். ஜனங்கள் அவர் பாட்டைக் கேட்கப்போவது போனில்தான். 7506-இல் கேட்ட மூச்சுக்காக அந்தப் பதிவை நான் வெட்டியிருந்தால், பாட்டின் உயிரில் ஒரு துண்டு போயிருக்கும்.

பேஸ் விஷயத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. மூடிய ஹெட்போனில் அடிச்சத்தம் ஒழுங்காக வர வேண்டுமென்றால், மெத்தை காதைச் சுற்றிக் காற்றுப் போகாமல் ஒட்ட வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணியான் கூத்துப் பதிவு ஒன்றைப் போடுங்கள். மேல்சத்தம் தரும் உச்ச மகுடம், அடிச்சத்தம் தரும் மந்த மகுடம் என்று இரண்டு பறைகள் மாறி மாறி வரும். இப்போது கண்ணாடியின் காம்பு போகும் இடத்தில், காதுக்குப் பின்னால், மெத்தையை விரலால் மெல்ல அழுத்துங்கள். மந்த மகுடம் சட்டென்று கனத்துவிடும். விரலை எடுத்தால் மெலிந்துவிடும். தோலைத் தீயில் காட்டி இவ்வளவு கனம் என்று பார்த்துப் பார்த்து ஏற்றிய மகுடத்தை, காம்புக்கும் மெத்தைக்கும் நடுவே இருக்கிற மயிரிழைச் சந்து மாற்றிவிடுகிறது. வேர்வைக்குப் பயந்து மெத்தைக்கு மேல் கைக்குட்டை சுற்றுகிறவர்களும், துணி மெத்தை வாங்கி மாற்றுகிறவர்களும் இதே காரணத்தால் பேஸை இழக்கிறார்கள். அக்கினி நட்சத்திரத்தில் காதில் வேர்வை கொட்டத்தான் செய்யும், அதற்கு வழியில்லை. இடையிடையே கழற்றித் துடைத்துக்கொள்வதுதான் நான் செய்வது.

மெத்தை என்றதும் இதன் பிரசித்தமான குறையையும் சொல்லியாக வேண்டும். கறுப்பு ரெக்சின் போன்ற அந்த மேல்தோல் நாளடைவில் செதில் செதிலாக உரியும். காதிலும் கன்னத்திலும் கரி மாதிரி ஒட்டிக்கொள்ளும். உலகம் முழுக்க இதை வைத்திருப்பவர்கள் சொல்கிற புகார் இது. நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிந்த மெத்தை ஒட்டாது, ஒட்டாவிட்டால் பேஸ் போகும், ஆகவே இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. ஆனால் மெத்தை தனியாக விலைக்குக் கிடைக்கிறது. பழையதை இழுத்துக் கழற்றிப் புதியதைச் சுற்றிலும் செருகினால் தீர்ந்தது. மெத்தைக்கு அடியில் திருகாணிகள் இருக்கின்றன. திறந்து, அறுந்த கம்பியைப் பற்றவைக்கத் தெரிந்த ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர் போதும். கிண்ணத்திலிருந்து தலைப்பட்டைக்கு ஏறுகிற சன்னக் கம்பி வெளியே தெரிகிறது, மாட்டிக் கழற்றும்போது அதில் விரல் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேபிளைக் கழற்றி மாற்ற முடியாது என்பது இன்றைய வழக்கத்துக்குப் பெரிய குறை. 2014-இல் வந்த ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸில் கேபிள் தனியாகக் கழலும். இதன் சுருள் கேபிள் இழுத்தால் மூன்று மீட்டர் வரும். மேசையில் உட்கார்ந்து வேலை செய்ய வசதி, நடந்துகொண்டே கேட்கிறவருக்குப் பாரம்.

களத்தில் இதை நம்பக்கூடாத இடம் ஒன்று உண்டு. நையாண்டி மேளம் பக்கத்தில் இறங்கிவிட்டால், தவிலும் பம்பையும் ஹெட்போன் வழியாக வருவதைவிட நெஞ்செலும்பு வழியாகவே அதிகம் வரும். மூடிய கிண்ணம் மேல்சுருதிச் சத்தங்களைத் தடுக்கும், அடிமுழக்கத்தைத் தடுக்காது. அந்த நேரத்தில் பேஸ் சரியா என்று காதால் தீர்மானிக்க முடியாது, ரிக்கார்டரில் சத்த அளவைக் காட்டும் மீட்டரைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். மேளத்தை மிஞ்சிக் கேட்க வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டுவதுதான் ஆபத்து. இது கொஞ்சம் மின்சாரத்திலேயே கத்தும் என்று முன்பே சொன்னேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ஒரு கொடை இரவு அந்த நாலு மணி நேரத்தை விடியும் முன்பே தின்றுவிடும். இந்தத் தொழிலில் காதுதான் மூலதனம் என்பதால் சொல்கிறேன்: மேளம் வந்தால் நான் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிடுவேன்.

விலைக்கு வருவோம். அமெரிக்காவில் நூறு டாலர் அளவில் வெகுகாலமாக நிற்கிறது. ஒரு காலத்தில் அந்தப் பணத்துக்கு இந்த அளவு தெளிவு வேறெதிலும் கிடைக்காது. புகழின் ஒரு பகுதி அப்படி வந்தது. அந்தப் பகுதி இன்று செல்லாது. 2017-இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்துப் பார்த்து, விலைக்கும் எந்தச் சுருதி எவ்வளவு ஒலிக்கிறது என்பதற்கும் தொடர்பே இல்லை என்று காட்டினார். காதுக்குள் செருகும் சீன இயர்போன்கள் சில, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாயிலேயே ஹார்மன் கோட்டை ஒட்டி ஒலிக்கின்றன. பாட்டுக் கேட்பது மட்டும்தான் நோக்கம் என்றால், அங்கே போவதுதான் புத்திசாலித்தனம்.

பாதி விலைக்கு இதையே தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது போலியாக இருக்கும். நானும் ஒருமுறை ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் அப்படி ஏமாந்தேன். பார்வைக்கு நீலப் பட்டை முதற்கொண்டு எல்லாம் இருந்தது. ஒற்றை மைக்கில் பதிந்த ஒரு பேச்சைப் போட்டதும் குட்டு வெளிப்பட்டது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் குரல் நெற்றி நடுவில் நிற்க வேண்டும். அதில் இடது புருவத்துப் பக்கம் சாய்ந்து நின்றது, ஹெட்போனைத் திருப்பி மாட்டினால் வலது பக்கம் சாய்ந்தது. யார் எங்கே வாங்கினாலும் முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், ஒரு நிமிஷ வேலை.

போன வைகாசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து அக்கா மகன் வந்தான். கல்லூரிக்குத் தினமும் திருநெல்வேலி வந்து போகிறவன். பஸ்ஸில் பாட்டுக் கேட்க 7506 வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தான். வாதாடாமல் என்னுடையதையே இரண்டு நாள் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"மாமா, எல்லாம் தனித்தனியா கேக்கு. ஆனா சேந்து கேக்க மாட்டேங்கு. பஸ் இரைச்சலும் போவல, காதும் வேத்து ஒழுகுது."

ஆயிரத்தைநூறு ரூபாய்க்கு ஒரு இயர்போன் வாங்கிக்கொண்டான். ஆடியில் கொடைப் பதிவுக்கு எனக்குத் துணையாக வந்தபோது, பந்தலுக்குள் நுழைந்ததும் அவனே பையிலிருந்து 7506-ஐ எடுத்து மாட்டிக்கொண்டு, குடத்து மைக்கின் கேபிளைப் பின்தொடர்ந்து சீரியல் லைட் கட்டியிருந்த பக்கம் போனான்.